பம்ப் வேகத்தைக் கூட்டினால் கம்ப்யூட்டர் குளிருமா? வாட்டர் கூலிங்கில் ‘ஃப்ளோ ரேட்’ கணக்கு: எளிய விளக்கம்

வாட்டர் கூலிங் உள்ள கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்கள், அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது, வார இறுதியில் கேம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மே மாதம் வந்ததும் சிபியு 90 டிகிரியைத் தொடுகிறது. கடையில் கேட்டால், "பெரிய பம்ப் போடுங்க, இல்லன்னா ரெண்டு பம்ப்பா போட்டுடுங்க" என்கிறார்கள். விஷயம் தெரிந்த நண்பரோ, "தண்ணி வேகமா ஓடினா சூட்டை எடுக்க நேரமே கிடைக்காது, பம்ப்பைக் குறை" என்கிறார்.

இதில் முதல் யோசனை சில நேரங்களில் மட்டும் சரி. இரண்டாவது யோசனை தவறு. ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு எது பொருந்தும் என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியலும், ஒரு பக்கெட்டும், ஒரு ஸ்டாப்வாட்சும், நிறைய பொறுமையும் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து இரண்டாவது பம்ப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தண்ணீர் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை. அது வெப்பத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான்.

சிப்பில் உருவாகும் வெப்பம் முதலில் அதன் உலோக மூடிக்குப் போகிறது. அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக வாட்டர் பிளாக்கின் செம்புத் தகட்டுக்குப் போகிறது. செம்பிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து ரேடியேட்டருக்கு, ரேடியேட்டரிலிருந்து உங்கள் அறையின் காற்றுக்கு. கடைசியில் எல்லா வெப்பமும் அறைக்குள்தான் வந்து சேரும்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் வெப்பத்தைக் கொஞ்சம் தடுக்கிறது. தடை இருக்கும் இடத்தில் வெப்பநிலை ஏறும். ரிலே ஓட்டப் பந்தயம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் வேகமாக ஓடினால் மட்டும் அணி ஜெயித்துவிடாது. பம்ப் என்பது அந்த அணியில் ஒருவர்தான்.

300 வாட் வெப்பத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.18 கிலோஜூல் ஆற்றல் தேவை. நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் அது சுமார் 70 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

இன்டெல் கோர் ஐ9-14900கே சிபியுவின் அதிகபட்ச டர்போ பவர் 253 வாட். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுக்கு 450 வாட். நாம் வசதிக்காக 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். பிளாக்குக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் இப்படி வரும்:

- நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடினால்: 8.6 டிகிரி
- 1 லிட்டர்: 4.3 டிகிரி
- 2 லிட்டர்: 2.2 டிகிரி
- 4 லிட்டர்: 1.1 டிகிரி
- 8 லிட்டர்: 0.5 டிகிரி

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். அரை லிட்டரை 1 லிட்டராக்கினால் 4 டிகிரிக்கு மேல் லாபம். 4 லிட்டரை 8 லிட்டராக்கினால் லாபம் அரை டிகிரி. ரெண்டு முறையும் ஓட்டத்தை இரட்டிப்பாக்கத்தான் செய்தோம். பலன் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது.

இப்போது செலவுப் பக்கம். குழாய்களில் தண்ணீர் ஓடும்போது ஏற்படும் உராய்வுத் தடை, ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி உயர்கிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு. தண்ணீரைத் தள்ளத் தேவையான திறன் என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. ஆக, அது எட்டு மடங்கு. 4 லிட்டரிலிருந்து 8 லிட்டருக்குப் போக எட்டு மடங்கு திறனைச் செலவிட்டு, பதிலுக்கு அரை டிகிரி வாங்குகிறீர்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. சிபியுவுக்கு முதலில் தண்ணீர் போகணுமா, கிராபிக்ஸ் கார்டுக்கு முதலில் போகணுமா என்ற பெரிய விவாதம் உண்டு. 4 லிட்டர் ஓட்டத்தில் 300 வாட் பிளாக்கைத் தாண்டி வரும் தண்ணீர் 1 டிகிரிதான் கூடுதல் சூடாக இருக்கும். அதனால் வரிசை பெரிய விஷயமே இல்லை. குழாய் எப்படி மடியாமல் சுலபமாகப் போகுமோ அப்படியே மாட்டுங்கள்.

‘தண்ணி மெதுவாப் போனாதான் சூட்டை எடுக்கும்’: உண்மையா?

இல்லை. ஆனால் கேட்கும்போது சரியாகவே தோன்றும், அதனால்தான் இந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

மெதுவாகப் போகும் தண்ணீர் ரேடியேட்டரில் அதிக நேரம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே தண்ணீர் வாட்டர் பிளாக்கிலும் அதிக நேரம் இருந்து, அதிகம் சூடாகித்தான் வெளியே வரும். இது மூடிய சுற்று. அதே ஒரு லிட்டர் தண்ணீர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுற்றில் குறைவாக எடுத்தால், நிமிடத்துக்கு அதிகச் சுற்றுகள் வந்து அதைச் சரிக்கட்டிவிடும். நிலையான நிலைக்கு வந்த பிறகு, சிப் வெளியிடும் வாட் எவ்வளவோ அதே வாட்தான் ரேடியேட்டர் வழியாக வெளியேறும். தண்ணீரின் வேகம் அதை மாற்றாது.

வேகம் மாற்றுவது ஒன்றைத்தான். தண்ணீர் வேகமாகும்போது பிளாக்கில் செம்பிலிருந்து நீருக்கு வெப்பம் கடப்பது கொஞ்சம் எளிதாகிறது, ஒருபோதும் கடினமாவதில்லை. அது ஏன் ‘கொஞ்சம்’ மட்டும்? பிளாக்கின் உள்ளே இருக்கும் செம்பு இழைகளுக்கு இடையிலான சந்து ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகியது. அவ்வளவு ஒடுங்கிய சந்தில் தண்ணீர் சுழலாமல், அடுக்கடுக்காக அமைதியாகவே ஓடும். அந்த மாதிரி ஓட்டத்தில் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் வெப்பப் பரிமாற்றம் இரட்டிப்பாகாது.

பம்ப் பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்கணும்.

கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்கில் இரண்டு பம்ப் வகைகள் பிரபலம். ஒன்று டி5, இன்னொன்று டிடிசி. இரண்டுமே லாயிங் நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்தவை. அந்தப் பெயர் இப்போது ஸைலம் குழுமத்திடம் இருக்கிறது. பல பிராண்டுகள் தங்கள் லேபிளை ஒட்டி இவற்றை விற்கின்றன. டி5 பம்ப் பெட்டியில் பொதுவாக மணிக்கு 1,500 லிட்டர், ஹெட் 3.9 மீட்டர் என்று இருக்கும். டிடிசி-யின் சக்திவாய்ந்த ரகத்தில் மணிக்கு 1,000 லிட்டர், ஹெட் 5.2 மீட்டர் என்று இருக்கும்.

மணிக்கு 1,500 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 25 லிட்டர். அது எந்தத் தடையும் இல்லாமல் பம்ப்பைத் திறந்துவிட்டால் கிடைக்கும் ஓட்டம். 3.9 மீட்டர் என்பது ஓட்டமே இல்லாமல் நின்றுவிடும் நிலையில் கிடைக்கும் அழுத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உங்கள் லூப்பில் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே எங்கோ ஓர் இடத்தில்தான் பம்ப் வேலை செய்யும். பிளாக், ரேடியேட்டர், வளைவுகள் எல்லாம் சேர்ந்து போடும் தடைக்கும் பம்ப் தரும் அழுத்தத்துக்கும் எங்கே சமநிலை வருகிறதோ அதுதான் உங்கள் ஃப்ளோ ரேட். அது பெட்டியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தால்கூட ஆச்சரியப்பட வேண்டாம்.

கோயம்புத்தூர் மோட்டார் வாங்கிப் பழக்கப்பட்ட வீடுகளுக்கு இது புதிதல்ல. மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் வாங்கும்போது, "எத்தனை அடி ஹெட்? அந்த ஹெட்ல எத்தனை லிட்டர் தள்ளும்?" என்றுதான் கேட்போம். இங்கேயும் அதே மையவிலக்கு பம்ப்தான், அதே வளைகோடுதான்.

ஒரே ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது உயரம் ஒரு செலவு. கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. மேலே ஏறும் தண்ணீர் அதே அளவு கீழேயும் இறங்கி வருகிறது, ஏறும் செலவை இறங்கும் எடை ஈடுகட்டிவிடும். காற்றெல்லாம் வெளியேறி லூப் நிரம்பிய பிறகு, ரேடியேட்டர் கேபினெட்டின் உச்சியில் இருந்தாலும் பம்ப்புக்கு அது சுமை இல்லை. பம்ப்பின் அழுத்தம் முழுக்க உராய்வுக்கே செலவாகிறது.

சிப்பின் வெப்பநிலை எத்தனை டிகிரி குறையும்?

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது சோதனை முடிவு அல்ல, புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள்தான்.

அறை 32 டிகிரி. 300 வாட் சுமையில் தண்ணீர் அறையைவிட 10 டிகிரி கூடுதலாக, 42 டிகிரியில் இருக்கிறது. சிப் தண்ணீரைவிட 30 டிகிரி கூடுதலாக, 72 டிகிரியில் இருக்கிறது. அந்த 30 டிகிரியில் 24 டிகிரி சிலிக்கான், மூடி, பேஸ்ட், செம்பு ஆகியவற்றிலேயே போய்விடுகிறது. மீதி 6 டிகிரிதான் செம்புக்கும் தண்ணீருக்கும் இடையில்.

இப்போது ஓட்டத்தை 4 லிட்டரிலிருந்து 8 லிட்டராக்குகிறீர்கள். பம்ப்பால் தொட முடிவது அந்த 6 டிகிரியை மட்டும்தான். அது நாலரையாகக் குறையலாம். பிளாக்குக்குள் தண்ணீரின் சராசரி வெப்பநிலை இன்னொரு 0.3 டிகிரி குறையும். மொத்த லாபம் இரண்டு டிகிரிக்கும் கீழே.

கொஞ்சம் பொறுங்க, இன்னொரு செலவு பாக்கி இருக்கிறது. பம்ப்பே ஒரு ஹீட்டர்தான். டி5 முழு வேகத்தில் 20 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அதில் பெரும்பகுதி கடைசியில் தண்ணீரில்தான் வெப்பமாகச் சேரும். நம் உதாரணத்தில் 300 வாட்டுக்கு 10 டிகிரி என்றால், கூடுதல் 20 வாட்டுக்கு 0.7 டிகிரி. கிடைத்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படியே போய்விடலாம்.

அதே பணத்தை வேறு இடத்தில் போட்டால்? ரேடியேட்டர் பரப்பை இரட்டிப்பாக்கினால் அந்த 10 டிகிரி இடைவெளி ஏறக்குறைய பாதியாகும். அறையில் ஏசி போட்டு 32-ஐ 26 ஆக்கினால் சங்கிலி முழுவதுமே 6 டிகிரி இறங்கும். எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகவே போகாது. 40 டிகிரி வெயிலில் நாக்பூரில் ஏசி இல்லாத அறையில் இருப்பவருக்கும், குளிரூட்டிய அறையில் சோதித்துப் பார்த்து வீடியோ போடும் விமர்சகருக்கும் இதுதான் வித்தியாசம்.

நீங்களே சோதிப்பது எப்படி?

தரவுகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் எண்ணைப் பார்த்ததும், "இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு இரைச்சல்?" என்று கேட்போம். இங்கே நாம் தேடும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரி. அறை வெப்பநிலையே மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் அதைவிட அதிகம் மாறும். கவனமில்லாமல் அளந்தால் பம்ப்பை அல்ல, வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள்.

*ஓட்டத்தை அளவிடுங்கள்.* ஃப்ளோ மீட்டர் இருந்தால் நல்லது. மலிவான மீட்டர்களில் ஒரு சிறு சக்கரம் சுற்றும் வேகத்தை எண்ணித்தான் ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். குறைந்த ஓட்டத்தில் இவை தவறக்கூடும். அதனால் ஒருமுறையாவது பக்கெட் வைத்துச் சரிபாருங்கள். லூப் திரும்பி வரும் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி, தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே பிடித்து, அளவு போட்ட பாத்திரத்தில் விடுங்கள். 30 விநாடியில் 2 லிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 4 லிட்டர். இதைச் செய்யும்போது கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் போகக் கூடாது, பம்ப்புக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள். தொட்டியில் தண்ணீர் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். இந்த பம்ப்களின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் மசகு. காய்ந்து ஓடினால் பம்ப் வீணாகிவிடும்.

*சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.* சாதாரண தெர்மிஸ்டர் சென்சார்கள் அரை டிகிரி அளவுக்கு முன்பின் காட்டும். மேலே பார்த்தபடி 4 லிட்டருக்கும் 8 லிட்டருக்கும் இடையிலான வித்தியாசமே அரை டிகிரிதான்! அதனால் எல்லா சென்சார்களையும் ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டு, எது எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுங்கள்.

*அறையைக் கழியுங்கள்.* ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் இடத்தில் ஒரு சென்சார் வையுங்கள். "சிபியு 72 டிகிரி" என்று எழுதாதீர்கள், "அறையைவிட 40 டிகிரி அதிகம்" என்று எழுதுங்கள். டெல்லியின் ஜனவரியையும் சென்னையின் மே மாதத்தையும் ஒப்பிட இது ஒன்றுதான் வழி.

*சுமையை நிலையாக வையுங்கள்.* இன்றைய சிபியுக்கள் குளிர்ச்சியாக இருந்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பம்ப் உதவியிருந்தாலும் வெப்பநிலை குறையாது, வேகம்தான் கூடியிருக்கும். கிளாக், வோல்டேஜ் இரண்டையும் பயாஸில் பூட்டிவிடுங்கள். ஃபேன்களையும் ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். தானாக மாறும் ஃபேன் இருந்தால் உங்கள் சோதனை அங்கேயே முடிந்தது.

*காத்திருங்கள்.* ஒரு லிட்டர் தண்ணீரும் உலோகமும் சூடாகி நிலைபெற கால் மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு பம்ப் வேகத்திலும் 30 நிமிடம் ஓடவிட்டு, கடைசி 5 நிமிடத்தின் சராசரியை மட்டும் எடுங்கள். பல சிபியுக்களின் உள் சென்சார் முழு டிகிரிகளாகத்தான் காட்டும். சராசரி எடுக்காமல் அரை டிகிரியைப் பிடிக்க முடியாது.

*வரிசையை மாற்றுங்கள்.* மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று ஒருமுறை. வேகமாக, நடுத்தரமாக, மெதுவாக என்று திருப்பி ஒருமுறை. அறை மெல்லச் சூடாகிக்கொண்டே போனாலும் இரண்டு வரிசைகளின் சராசரியில் அது சமனாகிவிடும்.

*பிளாக்கைத் தொடாதீர்கள்.* கழற்றி மறுபடி பேஸ்ட் தடவினால் அதனாலேயே சில டிகிரி மாறலாம். ஒரே பேஸ்ட், ஒரே இறுக்கத்தில் எல்லா அளவீடுகளையும் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. நீங்கள் அளந்த ஓட்டத்தை 70-ஆல் பெருக்கி, தண்ணீரின் உள்-வெளி வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர், 1.1 டிகிரி என்றால் 308 வாட். மென்பொருள் காட்டும் வாட் எண்ணுக்குப் பக்கத்தில் இது வந்தால் உங்கள் அளவீட்டை நம்பலாம். பாதியோ இரண்டு மடங்கோ வந்தால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

இதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வரைந்தால், பெரும்பாலும் ஒரு முழங்கை மாதிரி வளைவு கிடைக்கும். இடதுபுறம் செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துவிடும். அந்த முழங்கையைக் கொஞ்சம் தாண்டிய இடம்தான் உங்கள் பம்ப் ஓட வேண்டிய வேகம். அதற்கு மேல் கூட்டினால் கூடுவது சத்தம்தான்.

என்னிடம் இருப்பது ஆல்-இன்-ஒன் கூலர்தான். எனக்கு இது பொருந்துமா?

பொருந்தும். பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் ஆலையிலேயே மூடி வரும் இந்தக் கூலர்களைத்தான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். இதைத் திறந்து ஓட்டத்தை அளக்க முடியாது. ஆனால் மென்பொருளில் பம்ப் வேகத்தை மாற்ற அனுமதி இருந்தால் 50, 75, 100 சதவீதம் என்று வைத்து மேலே சொன்ன அதே முறையில் சோதிக்கலாம். 75-க்கும் 100-க்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் 75-லேயே விட்டுவிடுங்கள். இரவில் காதுக்கு நிம்மதி.

அதைவிட முக்கியம், ஓட்டம் நின்றுபோனதைக் கண்டுபிடிப்பது. சுமை கொடுத்த சில விநாடிகளிலேயே சிபியு 90-ஐத் தாண்டுகிறது, ஆனால் ரேடியேட்டர் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஒரு குழாய் நல்ல சூடு, இன்னொன்று அறை வெப்பம். இப்படி இருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். பம்ப் பழுதாகியிருக்கலாம், உள்ளே அடைப்பு இருக்கலாம், காற்று சிக்கியிருக்கலாம். இந்த நிலையில் புது ஃபேன் வாங்குவது வீண்செலவு. வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாட்டும்போதே ஒன்றைக் கவனியுங்கள். லூப்பின் மிக உயரமான இடம் பம்ப்பாக இருக்கக் கூடாது. காற்று எப்போதும் உச்சிக்குத்தான் போகும். அது ரேடியேட்டரின் மேல்பகுதியில் தங்கினால் பெரிய தொந்தரவு இல்லை, பம்ப்பில் தங்கினால் சத்தமும் தேய்மானமும்தான்.

அப்போ இரண்டு பம்ப் எதற்கு?

இரண்டு பம்ப்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அழுத்தம் கூடும். ஆனால் தடை வர்க்கத்தில் ஏறுவதால், ஓட்டம் அதிகபட்சம் 41 சதவீதம்தான் கூடும், இரட்டிப்பாகாது. 4 லிட்டர் ஓடிய இடத்தில் 5.6 லிட்டரைத் தாண்டாது. அதில் கிடைக்கும் குளிர்ச்சி எவ்வளவு என்பதை மேலே உள்ள பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் இரண்டு பம்ப் வைக்க நியாயமான காரணங்கள் உண்டு. சிபியு, இரண்டு கிராபிக்ஸ் கார்டு, மூன்று ரேடியேட்டர் என்று தடை குவிந்து, ஓட்டம் நிமிடத்துக்கு 1 லிட்டருக்கும் கீழே போய்விட்டால் கூடுதல் அழுத்தம் உண்மையிலேயே தேவை. இன்னொரு காரணம் பாதுகாப்பு. ஒன்று நின்றாலும் மற்றது ஓட்டிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்குபவர்களுக்கு அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. அந்த நிம்மதிக்காக வாங்குங்கள், குளிர்ச்சிக்காக அல்ல.

உங்கள் மேசையைத் தாண்டி இது ஏன் முக்கியம்?

இதே கணக்குதான் இன்று டேட்டா சென்டர்களின் கணக்கும். 2024 மார்ச்சில் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 என்ற ஒரே அலமாரி சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. காற்றை ஊதி அதைச் சமாளிக்க முடியாது என்பதால் திரவக் குளிரூட்டல்தான். அந்த வெப்பம் முழுவதையும் தண்ணீரே எடுக்கிறது, 10 டிகிரி சூடாகிறது என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 172 லிட்டர் ஓட வேண்டும். 15 லிட்டர் பக்கெட்டில் சொன்னால் நிமிடத்துக்குப் பதினொன்றரை பக்கெட், ஓர் அலமாரிக்கு மட்டும்.

இங்கே "இன்னும் வேகமா ஓட்டலாமே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெப்பநிலை உயர்வை 5 டிகிரியாகக் குறைக்க நினைத்தால் ஓட்டம் இரட்டிப்பாகணும், அதே குழாய்களில் தள்ளும் திறன் எட்டு மடங்காகணும். அந்த மின்கட்டணம் மாதாமாதம் வரும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டருக்கு நிமிடத்துக்கு 6,000 கேலன், அதாவது சுமார் 22,700 லிட்டர் தண்ணீர் சுற்றுகிறது. 2022-ல் அது உலகின் முதலிடம் பிடித்தபோது எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 21 மெகாவாட். நம் பள்ளிக்கூடக் கணக்கில் போட்டால் தண்ணீர் 13 டிகிரி சூடாகும். உங்கள் கேபினெட்டில் 1 டிகிரி உயர்வுக்கே கவலைப்படுகிறோம். அங்கே பத்து டிகிரிக்கு மேல் உயர்வைக் கணக்குப் போட்டே ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தியாவிலும் ஐஐடி காந்திநகரில் 2022-ல் தொடங்கப்பட்ட பரம் அனந்தா சூப்பர் கம்ப்யூட்டர், சிப்புக்கே திரவத்தைக் கொண்டுபோகும் நேரடித் தொடர்பு குளிரூட்டலில்தான் இயங்குகிறது.

"டேட்டா சென்டர் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது" என்ற செய்திகளைப் படிக்கும்போதும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சிப்பைச் சுற்றி மூடிய குழாயில் ஓடும் தண்ணீர் தீர்ந்துபோவதில்லை. வெளியே குளிர்விப்புக் கோபுரங்களில் ஆவியாக்கப்படும் தண்ணீர்தான் தீர்ந்துபோவது. ஒரு யூனிட் மின்சாரத்தின் வெப்பத்தை ஆவியாக்கி மட்டுமே வெளியேற்றினால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போகும். ஓட்ட அளவும் நுகர்வு அளவும் வேறு வேறு.

சுருக்கமாக: இந்த வாரம் என்ன செய்யலாம்?

- முதலில் ஓட்டம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டருக்கும் கீழே என்றால் பம்ப், அடைப்பு, காற்று ஆகியவற்றைக் கவனியுங்கள்.
- 3, 4 லிட்டர் ஓடுகிறது என்றால் பம்ப்பை விட்டுவிடுங்கள். அடுத்த ரூபாய் ரேடியேட்டருக்கோ, ஃபேனுக்கோ, அறையின் காற்றோட்டத்துக்கோ போகட்டும்.
- ரேடியேட்டரில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் தூசிக்கு மாதம் ஒருமுறை ஊதிவிட்டால் போதும், செலவே இல்லை.
- பம்ப்பை எப்போதும் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகும், ஆனால் தண்ணீரைத் தள்ள ஆகும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்.
- யாராவது "பம்ப் மாத்தினேன், 10 டிகிரி குறைஞ்சுது" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அறை வெப்பநிலை என்ன? ஃபேன் வேகம் மாறியதா? பேஸ்ட் புதிதாகத் தடவினீர்களா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "ஆமா" என்ற பதில்தான் வரும்.